பழைய ரே கன்னும் அதைப் பெற்ற அச்சும்: பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். உங்கள் மாமனார் சேர்த்து வைத்திருந்த நான்கு ரே கன்கள் (விண்வெளிக் கதைகளில் வரும் கதிர்த்துப்பாக்கி வடிவப் பொம்மைகள்) உங்களிடம் வந்திருக்கின்றன: செப்பு நிறத்தில் கனமான இரும்புத் துப்பாக்கி ஒன்று, வெள்ளி நிறத்தில் சிவப்புக் கைப்பிடி போட்ட கேப் துப்பாக்கி ஒன்று, ஜப்பான் தகரத் துப்பாக்கி ஒன்று, சிவப்பு ப்ளாஸ்டிக் நீர்த்துப்பாக்கி ஒன்று. இப்போது நியூஜெர்சியில் ஒருவர், அந்த நீர்த்துப்பாக்கி பிறந்த அசல் அச்சே (மோல்டு) தன்னிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா என்கிறார். வாங்கலாமா, அது அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது, மற்ற மூன்றுக்கும் இதுபோல் அச்சு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கோயம்புத்தூரில் அச்சு செய்யும் பட்டறையான டூல் ரூமில் தொழில் கற்று, இப்போது மிச்சிகனில் ப்ளாஸ்டிக் மோல்டு வேலை செய்பவன். பதினைந்து வருடமாக ரே கன் சேர்க்கிறேன். ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால் அதன் பின்னால் இருந்த உருக்குதான் எனக்கு முதலில் தெரியும். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்: இப்போதைக்குப் பணம் அனுப்பாதீர்கள். அச்சைப் பற்றித் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி உங்கள் கையிலிருக்கும் பொம்மையிலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு அவரிடம் பேசுங்கள்.

செப்பு நிறத் துப்பாக்கியிலிருந்து தொடங்குவோம். விசையை இழுத்தால் மேலே உள்ள சின்ன ஜன்னலில் தீப்பொறி பறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது மிச்சிகன் ப்ளைமவுத்தில் டெய்ஸி கம்பெனி 1935-ல் கொண்டுவந்த எக்ஸ்இசட்-38 டிஸின்டிகிரேட்டராக இருக்க வாய்ப்பு அதிகம். பக் ராஜர்ஸ் என்ற விண்வெளி நாயகனின் படக்கதை அமெரிக்கப் பத்திரிகைகளில் 1929 ஜனவரி 7-ல் தொடங்கியது. டெய்ஸி 1882-ல் இரும்புக் காற்றாலை செய்யும் கம்பெனியாக ஆரம்பித்தது. காற்றாலை வாங்கும் விவசாயிக்கு இலவசமாகக் கொடுத்த காற்றுத்துப்பாக்கி காற்றாலையைவிட நன்றாகப் போகவே, தொழிலையே மாற்றிக்கொண்டது. 1934-ல் பக் ராஜர்ஸ் பெயரில் எக்ஸ்இசட்-31 ராக்கெட் பிஸ்டலை வெளியிட்டார்கள். ஒன்பதரை அங்குல நீளம், அழுத்திய இரும்புத் தகடு, விலை 50 சென்ட். பொருளாதாரம் படுத்துக் கிடந்த வருடம் அது. அப்படியும் கடைகளில் வரிசை நின்றது. மறு வருடமே சின்ன எக்ஸ்இசட்-35-ஐ 25 சென்ட்டுக்கு விட்டார்கள். அதே 1935-ல் உங்களுடைய டிஸின்டிகிரேட்டர், 1936-ல் சிவப்பும் மஞ்சளுமாக எக்ஸ்இசட்-44 நீர்த்துப்பாக்கி. அந்த நீர்த்துப்பாக்கிக்குள் தண்ணீர் பிடிக்க ஒரு தோல் பை இருந்தது. தோல் காய்ந்து பொடிந்துவிடும் என்பதால் இன்று வேலை செய்கிற ஒன்றைப் பார்ப்பது அபூர்வம்.

ஒரு நிபந்தனை. உங்கள் செப்புத் துப்பாக்கியின் மேல் அடித்திருக்கும் எழுத்தை நல்ல வெளிச்சத்தில் படியுங்கள். யு-235 என்றோ யு-238 என்றோ இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. 1942-ல் அமெரிக்க அரசு உலோகப் பொம்மை உற்பத்தியை நிறுத்தியது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு டெய்ஸி மறுபடி பொம்மைக்கு வந்தபோது அதே உருவத்துக்கு அணுத்துப்பாக்கி என்று பெயர் மாற்றி, யுரேனியத்தின் எண்ணைச் சூட்டியது. உருவம் ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்ததை வைத்து, தகட்டை அழுத்தி வடிவம் தரும் உருக்குக் கட்டிகளான டைகள் போர்க்காலப் பழைய இரும்போடு உலைக்குப் போகாமல் பிழைத்தன என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பத்து வருட இடைவெளியில் உலகமே வேறாகிவிட்டது. குழந்தையின் கையில் இருந்த உருக்கு வடிவம் மட்டும் மாறவில்லை. இந்தத் துப்பாக்கியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது மனதைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு "அசல் அச்சு" கிடைக்குமா? யாராவது ஒரு கட்டி இரும்பைக் காட்டி இதுதான் எக்ஸ்இசட்-38-ன் மோல்டு என்றால் நம்பாதீர்கள். தகட்டுத் துப்பாக்கிக்கு மோல்டு என்று ஒன்று கிடையாது. பிரஸ்ஸில் போடும் டைகள்தான் உண்டு, அதுவும் ஒரு வரிசையாக. தகட்டை வெட்ட ஒன்று, குழிவாக இழுக்க ஒன்றோ இரண்டோ, ஓரம் நறுக்க ஒன்று, துளை போட ஒன்று, எழுத்து அடிக்க ஒன்று, மடிக்க ஒன்று. இடப்பக்கத்துக்கு ஒரு செட், வலப்பக்கத்துக்கு ஒரு செட். அதில் ஒரே ஒரு டை தனியாகக் கிடைத்தால் அலமாரியில் வைத்து மகிழலாம், தவறில்லை. அதிலிருந்து துப்பாக்கி வராது.

பிரஸ் வேலையின் தடயத்தை நீங்களே பார்க்கலாம். வளைவு கூர்மையாக இருக்கும் இடத்தில், குறிப்பாக மூக்கின் வளையங்களுக்குப் பக்கத்தில், விரல் நுனியை ஓட்டுங்கள். இழுத்த திசையில் மெல்லிய கோடுகள் தட்டுப்படும். டை தேயத் தேய அந்தக் கோடுகள் ஆழமாகும், எழுத்தின் விளிம்பு மழுங்கும். அதனால் ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கி கிடைத்தால் எழுத்து கூர்மையாக உள்ளதை எடுங்கள், மேல்பூச்சு கொஞ்சம் போயிருந்தாலும் பரவாயில்லை. இது என் சொந்தத் தேர்வு. பெரும்பாலானவர்கள் பூச்சைத்தான் முதலில் பார்ப்பார்கள். எதுவானாலும் செப்புப் பூச்சை மட்டும் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மெல்லிய பூச்சு, போனால் போனதுதான்.

சரி, வெள்ளி நிறக் கேப் துப்பாக்கி. சிவப்பு ப்ளாஸ்டிக் கைப்பிடி, உடல் முழுக்க குமிழும் வளையமும் என்றால் அது பென்சில்வேனியா லான்காஸ்டரில் ஹப்ளி கம்பெனி 1954-ல் செய்த அட்டாமிக் டிஸின்டிகிரேட்டர். தீபாவளிக்கு நாம் சுருள் கேப் போட்டுச் சுட்டோமே, அதே ஏற்பாடுதான் உள்ளே. சுருளை வைத்து, விசையை இழுத்தால் சுத்தி அடிக்கும். ஆனால் உடல் தகடு இல்லை, துத்தநாக வார்ப்பு. நூற்றுக்கு ஏறக்குறைய 96 பங்கு துத்தநாகம், 4 பங்கு அலுமினியம் சேர்ந்த கலவையை 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, உருக்கு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். சில நொடிகளில் உறைந்துவிடும். அச்சு ஒவ்வொரு முறையும் சூடேறி ஆறுகிறது. எண்ணற்ற முறை இப்படி நடந்தால் அதன் முகத்தில் காய்ந்த குளத்து மண்போல மயிரிழை வெடிப்புகள் விழும். அந்த வெடிப்புக்குள்ளும் உலோகம் புகும். அதனால் அச்சின் கடைசிக் காலத்தில் வந்த துப்பாக்கியின் உடலில், வரையாத இடத்தில், மெல்லிய மேடான நரம்புகள் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துச் சமதளமான பகுதிகளைப் பாருங்கள். நரம்பு இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அச்சு இளமையாக இருந்தபோது பிறந்தது.

துத்தநாகத்துக்கு இன்னொரு நோய் உண்டு. கலவையில் காரீயம் மிகச் சிறிய அளவில் கலந்திருந்தாலும் வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, பிஸ்கட்போல உதிரும். ஈரம் அதை வேகப்படுத்தும். போருக்கு முந்தைய வார்ப்புகளில் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். 1950-களின் வார்ப்பு பொதுவாகப் பரவாயில்லை. உங்களுடையதில் எங்காவது கொப்புளம் தெரிந்தால் அதற்கு மருந்து கிடையாது. உலர்ந்த இடத்தில் வையுங்கள், சுத்தியை அடிக்க விடாதீர்கள். சுட்ட கேப்பின் மிச்சம் உப்பாகப் படிந்து ஈரத்தை இழுக்கும். அதைச் சுத்தியைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஜப்பான் தகரத் துப்பாக்கியைப் பற்றி நீங்கள் அனுப்பிய விவரம் குறைவு, நானும் சுருக்கமாகச் சொல்கிறேன். நொமுரா, மசுதயா, யோஷியா, டைய்யா போன்ற டோக்கியோக் கம்பெனிகளின் சின்னம் கைப்பிடிக்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்கும். ஜப்பான் அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்ததைக் குறிக்கும் வாசகம் இருந்தால் 1952-க்கு முந்தையது. படத்தைத் தட்டையான தகட்டிலேயே லித்தோ முறையில் அச்சடித்து, வார்னிஷ் அடித்து, அதன் பிறகுதான் பிரஸ்ஸில் குழித்தார்கள். குழிக்கும்போது படம் இழுபடும் என்று தெரிந்து, இழுபட்ட பிறகு சரியாக வரும்படி ஓவியத்தையே முன்கூட்டிக் கோணலாக வரைந்திருக்கிறார்கள். அந்தக் கைவேலைக்கு நான் தலைவணங்குகிறேன். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நிறம் தட்டையாக, திட்டாக நின்றால் நல்ல அறிகுறி. நான்கு நிறப் புள்ளிகள் ரோஜாப்பூப்போல அடுக்கியிருந்தால் பெரும்பாலும் பின்னாளில் செய்த நகல்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட விஷயம், சிவப்பு ப்ளாஸ்டிக் நீர்த்துப்பாக்கியும் அதன் அச்சும்.

போருக்குப் பிறகு பாலிஸ்டைரீன் என்ற கடினமான ப்ளாஸ்டிக் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் நியூஜெர்சியில் பொம்மைக் கம்பெனிகள் முளைத்தன. யூனியனில் இருந்த பைரோ, பைரோடாமிக் டிஸின்டிகிரேட்டர் என்று ஒரு அருமையான ப்ளாஸ்டிக் ரே கன்னைச் செய்தது. லிண்டனில் பார்க் ப்ளாஸ்டிக்ஸ் ரே கன் வடிவ நீர்த்துப்பாக்கிகளைச் செய்தது. ஆகவே அந்தப் பகுதியில் ஒரு அச்சு வெளிப்படுவது நம்ப முடியாத செய்தி இல்லை. இப்படிப்பட்ட துப்பாக்கி இரண்டு ஓடுகள். இடமும் வலமும் ஒரே மோல்டில் பக்கம் பக்கமாக வார்க்கப்பட்டு, பிறகு கரைப்பான் பசையால் ஒட்டப்படும். ஒவ்வொரு ஓட்டுக்கும் மோல்டில் இரண்டு முகம். வெளிப்பக்கத்தைத் தரும் குழிக்கு நாங்கள் கேவிட்டி என்போம், உட்பக்கத்தைத் தரும் மேட்டுக்கு கோர் என்போம். உருகிய ப்ளாஸ்டிக் உள்ளே நுழையும் சின்ன வாசல் கேட். உறைந்த ஓட்டைத் தள்ளி வெளியே எடுக்கும் உருண்டைக் கம்பிகள் எஜெக்டர் பின்கள். இந்த நாலு சொல்லும் தெரிந்தால் நியூஜெர்சிக்காரரிடம் நீங்கள் தைரியமாகப் பேசலாம்.

முதல் சோதனை அளவு. ப்ளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். பாலிஸ்டைரீன் ஏறக்குறைய அரை சதவீதம், மெழுகுபோல் வழுக்கும் பாலிஎத்திலீன் இரண்டு சதவீதம் அளவில். எனவே அச்சு வெட்டுகிறவர் குழியை அந்த அளவு பெரிதாக வெட்டுவார். உங்கள் துப்பாக்கி 180 மில்லிமீட்டர் என்றால், அதைப் பெற்ற குழி 180.9 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். குழியும் பொம்மையும் மிகச் சரியாக ஒரே அளவு என்றால், பழைய பொம்மையை வைத்து யாரோ பின்னால் எடுத்த அச்சு அது. அதிலிருந்து வரும் துப்பாக்கி 179 மில்லிமீட்டர்தான் இருக்கும். நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் அளவி ஒன்று போதும், இந்தக் கேள்வி தீர்ந்துவிடும். கடையில் வாங்கும்போதும் இதே கணக்கு உதவும். அசலைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டையான "அசல்" எதையாவது விற்க வந்தால் தள்ளி வைத்துவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: 1940-களின் செல்லுலோஸ் அசிடேட் பொம்மைகள் வயதாக ஆகத் தானாகவே சுருங்கிக் கோணும், வினிகர் வாடையும் வரும். அவற்றில் இந்தக் கணக்குப் பலிக்காது. தட்டினால் கண்ணாடிபோல் கிண்ணென்று ஒலிக்கும் பாலிஸ்டைரீனில் தாராளமாக நம்பலாம்.

இரண்டாவது சோதனை உட்புறம். உங்கள் துப்பாக்கியில் தண்ணீர் ஊற்றும் துளை வழியாக ஒரு சின்ன டார்ச்சைக் காட்டி உள்ளே பாருங்கள். ஓட்டின் உட்சுவரில் வட்ட வட்டமாகத் தழும்புகள் இருக்கும். அவை எஜெக்டர் பின் தொட்ட இடங்கள். எத்தனை, எங்கெங்கே என்று ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு அவரிடம் கோர் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். வெளிவடிவத்தை யாரும் நகல் எடுத்துவிடலாம். பின்களின் எண்ணிக்கையும் இடமும் பொருந்துவது வேறு விஷயம். உடைந்த துப்பாக்கி ஒன்று மலிவாகக் கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள், உட்புறத்தைப் படிக்க அதைவிட நல்ல பாடம் இல்லை. என் அலமாரியில் உடைந்தவற்றுக்கென்றே ஒரு தட்டு இருக்கிறது.

மூன்றாவது, எழுத்துகள். பொம்மையில் மேடாக நிற்கும் எழுத்து அச்சில் குழியாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருக்கும். உருக்கில் ஒரு எழுத்தைப் புதிதாக வெட்டுவது சுலபம். வெட்டிய எழுத்தை அழிப்பது கஷ்டம். வெல்டிங் வைத்து நிரப்பி, திரும்பவும் தேய்த்து மெருகேற்ற வேண்டும், அப்படியும் அந்த இடத்தின் பளபளப்பு மாறித் தெரியும். இதைப் புரிந்துகொண்டால் எந்த வகை முந்தியது, எது பிந்தியது என்று பாதி சண்டைகள் தீரும். கூடுதலாக எழுத்து உள்ள துப்பாக்கி பொதுவாகப் பிந்தியது. எழுத்து இருந்த இடத்தில் மங்கலான திட்டோ செவ்வகமான விளிம்போ தெரிந்தால், பெயருக்கான உரிமை முடிந்து பெயர்த்துண்டைக் கழற்றி மாற்றியிருக்கிறார்கள். தொலைக்காட்சி விண்வெளி நாயகர்கள் இரண்டு மூன்று வருடத்தில் காணாமல் போன காலம் அது. நாயகன் போனாலும் கம்பெனி அச்சைத் தூக்கிப் போடாது, பெயரை எடுத்துவிட்டுச் சாதாரணத் துப்பாக்கியாக விற்கும். உங்கள் சிவப்புத் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் அப்படி வெறுமையான நீள்சதுரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவர் காட்டும் அச்சிலும் அந்த இடத்தில் கழற்றி மாட்டும் துண்டு இருக்க வேண்டும்.

பொம்மையின் காலத்தைச் சொல்ல இன்னும் இரண்டு சின்னக் குறிப்புகள். பெட்டி இருந்தால் முகவரியைப் பாருங்கள். அமெரிக்காவில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு 1963-ல் வந்தது, அது இருந்தால் பெட்டி அதற்குப் பிந்தியது. மூக்கில் ஆரஞ்சு முனை இருந்தால், 1988-ல் பொம்மைத் துப்பாக்கிகளுக்கென்று வந்த அமெரிக்கச் சட்டத்துக்குப் பின் வார்த்ததாக இருக்கலாம். பழைய அச்சிலிருந்து புதிதாக எடுத்தவற்றை இது அடிக்கடி காட்டிக்கொடுக்கும்.

அச்சுகள் எப்படி இவ்வளவு தூரம் அலைகின்றன என்று நீங்கள் ஆச்சரியப்பட்டிருந்தீர்கள். கம்பெனி சாகும்போது பொம்மைகள் தீர்ந்துபோகும், அச்சுகள் சொத்தாக நிற்கும். ஃப்ளாஷ் கார்டன் என்ற இன்னொரு விண்வெளி நாயகனின் துப்பாக்கிகளை 1935-ல் விற்ற லூயி மார்க்ஸ் கம்பெனி ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பொம்மைக் கம்பெனி. 1972-ல் குவேக்கர் ஓட்ஸ் வாங்கியது, 1976-ல் பிரிட்டிஷ் கம்பெனிக்குக் கை மாறியது, 1980-ல் மூடப்பட்டது. அதன் அச்சுகள் பல கைகளுக்குச் சிதறின. 1977-ல் மோனோகிராம் கம்பெனி, அரோரா என்ற இன்னொரு கம்பெனியின் மாடல் பொம்மை அச்சுகளை வாங்கி ரயிலில் கொண்டுபோனபோது ரயில் தடம்புரண்டு சில அச்சுகள் நொறுங்கின. நம் பக்கமும் இந்தப் பயணத்தில் உண்டு. பிரிட்டனின் டிங்கி பொம்மைக் கார்களின் டைகள் கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்களைத் தந்தன. சென்னை எம்ஆர்எஃப்பும் அமெரிக்கப் பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ என்ற படைவீரர் பொம்மைகளின் அச்சுகளில் இந்தியாவுக்கே உரிய நிறங்களில் பொம்மை வார்த்தது. இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அந்த வினோத நிறங்களுக்காகவே அவற்றைத் தேடுகிறார்கள். அதே அச்சு, வேறு நிறத் துகள், வேறு ஊர், வேறு குழந்தைகள். என் சிறு வயதில் கையிலிருந்த ஒரு பொம்மைக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருந்திருக்கிறது என்று தெரிந்த நாளில்தான் எனக்கு இந்த ஆர்வமே பிடித்தது.

இப்போது வாங்குவதைப் பற்றி. ஒரு மோல்டு என்ன எடை இருக்கும் என்று யோசித்தீர்களா? 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 25 உயரம் உள்ள உருக்குக் கட்டி ஏறக்குறைய 235 கிலோ. லாரி, ஃபோர்க்லிஃப்ட், தாங்கும் தரை எல்லாம் வேண்டும். இரண்டாவது மாடியில் வைக்க முடியாது. வார்க்க நினைத்தால் இஞ்செக்ஷன் மிஷின் வேண்டும். இரண்டு ஓடுகளின் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு அரை டன் என்று கணக்குப் போட்டால் மோல்டை மூடிப் பிடிக்கவே 75 டன் விசை வேண்டும். மிஷின் இருக்கிற ஒரு கடையில் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டலாம்தான். ஆனால் 70 வருட மோல்டின் பொருத்து வளையம் இன்றைய மிஷினில் உட்காராது, மாற்றுத் தட்டு செய்ய வேண்டும். தண்ணீர்ப் பாதைகள் துருவால் அடைத்திருக்கும். இதையெல்லாம் சேர்த்தால், மோல்டின் விலையைவிட அதை ஓட வைக்கிற செலவு அதிகமாகலாம்.

இன்னொன்று. விற்பவர் காட்டுவது முழு மோல்டுதானா என்று உறுதி செய்யுங்கள். பல வருடம் முன்பு ஒரு மூடிய தொழிற்சாலையின் சாமான்களோடு ஒரு ரே கன் அச்சை நான் வாங்கினேன். படத்தில் கேவிட்டி முகம் அவ்வளவு அழகாக இருந்தது, மறுபாதியைக் கேட்கவே தோன்றவில்லை. வந்திறங்கியது கேவிட்டி மட்டும். கோர் எப்போதோ பழைய இரும்பாகப் போயிருந்தது. கோர் இல்லாத கேவிட்டி, கேட்காத கேள்விபோல இன்றும் என் பட்டறை மூலையில் இருக்கிறது. அதில் களிமண் அழுத்திப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி வடிவம் எடுத்துக் காட்டுவேன். அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை என்பது இன்றும் வருத்தம்தான். விசை, மூடி, உள்ளே உள்ள பம்ப் ஆகியவற்றுக்குத் தனி மோல்டு உண்டு என்பதையும் மறக்காதீர்கள். உடலின் மோல்டு மட்டும் இருந்தால் தண்ணீர் பீய்ச்சாத துப்பாக்கிதான் வரும்.

முகம் பளபளப்பாக, கொஞ்சம் செம்பொன் நிறத்தில் இருந்தால் கவனம். அந்தக் காலத்தில் நுணுக்கமான குழிகளைப் பெரிலியம் கலந்த செம்பில் வார்ப்பதுண்டு. தொடுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், கிரைண்டர் வைத்தால், பறக்கும் தூள் நுரையீரலைக் கெடுக்கும், அந்த நோய்க்குப் பரிகாரம் கிடையாது. உருக்குக் குழியானாலும் உப்புத்தாளும் மணல் பீய்ச்சலும் கூடாது என்பேன். அந்த மெருகை ஒரு டை மேக்கர் நாள்கணக்கில் வைரப் பசை போட்டுக் கையால் ஏற்றியிருப்பார். பித்தளைச் சுரண்டி, மெல்லிய எண்ணெய், பருத்தித் துணி, பொறுமை, இவை போதும். துடைத்த பிறகு துருத்தடுப்பு எண்ணெய் பூசி இரண்டு முகத்தையும் மூடி வையுங்கள். தண்ணீர்ப் பாதைகளைக் காற்றடித்து உலர்த்துங்கள். மோல்டு வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட இந்தப் பாதைகளில்தான் அதிகம் கெடும்.

உரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். உருக்கு உங்களுடையதாகும், பெயர் ஆகாது. பொம்மையின் வடிவத்துக்கு அந்தக் காலத்தில் எடுத்த டிசைன் பேட்டண்ட் அதிகபட்சம் 14 வருடம்தான், எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் நாயகனின் பெயரும் வணிகச் சின்னமும் வேறு கணக்கு, அதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். குழந்தைகளுக்கு என்று விற்றால் இன்றைய பாதுகாப்பு விதிகள் முழுவதும் பொருந்தும்.

இதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. அசல் அச்சிலிருந்து இன்று எடுக்கும் துப்பாக்கி அளவில் அசல், எஜெக்டர் பின் தழும்பில் அசல், எல்லாச் சோதனையிலும் தேறும். நான் மேலே சொன்ன எந்த வழியாலும் அதை 1950-களின் துப்பாக்கியிலிருந்து பிரிக்க முடியாமல் போகலாம். அதனால் அச்சை வைத்திருப்பவர்தான் அந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற வேண்டும். வார்த்தால், அந்தக் காலத்தில் வராத ஒரு நிறத்தில் வாருங்கள். கழற்றி மாட்டும் பெயர்த்துண்டு இருந்தால் புதுத் துண்டு ஒன்று செய்து அதில் வருடத்தை வெட்டி மாட்டுங்கள், பழைய துண்டை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வையுங்கள். அசல் உருக்கில் ஒரு கீறலும் போட வேண்டாம். இதைச் செய்யத் தயாராக இல்லாதவரிடம் ஒரு அச்சு போவதைவிட அது அருங்காட்சியகத்தில் சும்மா இருப்பது மேல் என்று நினைக்கிறேன்.

ஆக, நியூஜெர்சிக்காரருக்கு இப்படி எழுதுங்கள்: கேவிட்டி, கோர் இரண்டு முகத்தின் படமும் அளவுகோல் வைத்து வேண்டும், குழியின் முழு நீளம் வெர்னியர் அளவில் வேண்டும், மொத்த எடை வேண்டும், விசைக்கும் பம்புக்கும் உள்ள மோல்டுகள் இருக்கின்றனவா என்று தெரிய வேண்டும். பதில் திருப்தியாக இருந்தால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். கூடவே ஒரு கட்டி களிமண்ணும் எடுத்துப் போங்கள், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போதும். கேவிட்டியைத் துடைத்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் களிமண்ணை அழுத்தி எடுங்கள். உங்கள் சிவப்புத் துப்பாக்கியின் கைப்பிடியில், படத்தில் நான் பார்த்தவரை, விசைக்குப் பின்னால் நகத்தளவு நீளத்தில் மேடாக ஒரு கோடு இருக்கிறது. அது பொம்மையில் விழுந்த கீறல் இல்லை. கீறல் பள்ளமாக இருக்கும். அந்தக் கோடு மேடாக நிற்பதால் அது அச்சில் விழுந்த கீறல், ஒட்டிக்கொண்ட ஓட்டை யாரோ ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தபோது பட்டிருக்கலாம். களிமண்ணில் அதே இடத்தில் அதே கோடு வந்தால், லாரிக்குச் சொல்லிவிடுங்கள்.